உப்பளம் பார்க்க மெக்சிகோ போனவர்

சான் டியேகோ, கலிஃபோர்னியா.

இந்தக் கடிதம் படர்க்கையில் எழுதப்படுவதற்குக் காரணம் உண்டு. ‘நான் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மெக்சிகோ போனேன்’ என்று எழுதினால் தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு முதல் வரியிலேயே படபடப்பு வந்துவிடும். ‘ஒருவர் போனார்’ என்று எழுதினால் கடைசிவரை ரசித்துக் கேட்டுவிட்டு, “யாரு பெத்த புள்ளையோ, இப்படியா ஒத்தையில அலையும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஆகவே அந்த ஒருவர் இனிமேல் ‘கடிதக்காரர்’.

கடிதக்காரரின் தகப்பனார் தூத்துக்குடி அளம் ஒன்றில் கணக்குப் பார்த்தவர். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோன வயதில், உலகத்திலேயே பெரிய உப்பளம் நம்ம ஊரில்தான் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. பள்ளிப் புத்தகம் குஜராத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி அதைக் கெடுத்தது. பிறகு அமெரிக்கா, வேலை, வீட்டுக்கடன், நரை. எல்லை வேலியிலிருந்து அரைமணி ஓட்டத்தில் பல வருடம் குடியிருந்த பிறகுதான் தெரிந்தது: உலகின் மிகப் பெரிய உப்பளம் என்று பெயர் வாங்கியது வீட்டுக்குத் தெற்கே 700 கிலோமீட்டர் தள்ளி, மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் நடுவில் இருக்கிறது. வழி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. திஹுவானாவில் தொடங்கும் முதலாம் எண் நெடுஞ்சாலை 1,711 கிலோமீட்டர் ஓடி, தீபகற்பத்தின் நுனியில் கடலில் முட்டி நிற்கிறது. பிப்ரவரி மாதம், மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை, மகனுக்குக் கல்லூரி. ஆகத் தனிப் பயணம்.

செய்தி கசிந்ததும் வார இறுதித் தமிழர் கூட்டத்தில் ஆலோசனைகள் குவிந்தன. பணத்தைக் காலுறைக்குள் வை. பழைய பர்ஸ் ஒன்றில் கொஞ்சம் டாலர் போட்டு, பிடுங்குபவர்களுக்கென்று தனியாக வைத்துக்கொள். கடிகாரத்தைக் கழற்றிவிடு. யாராவது கை காட்டினால் நிறுத்தாதே. போலீஸ் கை காட்டினால்? அதற்குத்தான் அந்தப் பழைய பர்ஸ். சொன்னவர்களில் யாரும் திஹுவானாவின் பல் மருத்துவர்களைத் தாண்டித் தெற்கே போனவர்கள் இல்லை என்பது விசாரித்ததில் தெரிந்தது.

அச்சம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க வெளியுறவுத்துறை மெக்சிகோவின் மாநிலங்களை நான்கு படிகளாகப் பிரித்து எச்சரிக்கை விடுகிறது. தீபகற்பத்தின் வடபாதி ‘போவதா என்று மறுபடி யோசி’ என்ற மூன்றாம் படியிலும், தென்பாதி ‘கூடுதல் கவனம்’ என்ற இரண்டாம் படியிலும் நிற்கின்றன. 2024 ஏப்ரலில் என்செனாடாவுக்குத் தெற்கே ஆளில்லாக் கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த அலைச்சறுக்கு இளைஞர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். கடிதக்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் போனார். இரவில் ஓட்டுவதில்லை, ஆளில்லாத இடத்தில் தங்குவதில்லை, நெடுஞ்சாலையை விட்டு இறங்குவதில்லை என்று மூன்று விரதங்களை எடுத்துக்கொண்டார். இருட்டியபின் ஓட்டாதே என்பதற்கு உண்மையான காரணம் கொள்ளைக்காரர்கள் அல்ல, மாடுகள் என்பது பிறகு புரிந்தது.

காகித வேலை நினைத்ததைவிடக் குறைவு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு மெக்சிகோ விசா தேவைதான். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ நிரந்தர வசிப்புரிமை அட்டையோ இருந்தால் விலக்கு. அமெரிக்கக் கார் காப்பீடு மெக்சிகோவில் செல்லாது, ஆகவே மெக்சிகோ நிறுவனத்திடம் தனியாக ஒன்று எடுக்க வேண்டும். காப்பீடில்லாமல் விபத்தில் மாட்டினால், யார் பொறுப்பு, யார் பணம் கட்டுவது என்று தீரும்வரை ஓட்டுநரைத் தடுத்து வைக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. இதைக் கேட்ட மனைவி இருப்பதிலேயே உயர்ந்த திட்டமாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். காருக்கு எடுக்கவா, ஆளுக்கு எடுக்கவா என்று கடிதக்காரர் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லையைக் கடந்ததுதான் பயணத்தின் மிகச் சப்பையான பகுதி. அமெரிக்காவின் ஐந்தாம் எண் விரைவுச்சாலை சான் யிசீத்ரோவில் முடிகிறது. துப்பாக்கியோடு மெக்சிகோவுக்குள் போவது குற்றம் என்று பெரிய பலகை. துப்பாக்கி மட்டுமல்ல, இருக்கைக்கு அடியில் உருண்டு கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் சிறைக்கு வழி. அதைத் தாண்டியதும் மெக்சிகோ. சுங்கத் தடத்தில் ஒரு விளக்கு இருக்கிறது. பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டிப் பெட்டியைத் திறக்க வேண்டும். யாருக்கு எது என்பதை இயந்திரம் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது. கடிதக்காரருக்குப் பச்சை. ஊரிலிருந்து வரும்போது சென்னை விமான நிலையத்தில் அரிசி வடகத்துக்கு விளக்கம் சொல்லிப் பழகியவருக்கு இந்த அலட்சியம் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. குடிவரவு முத்திரை வாங்க வேண்டும் என்றாலும் யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. நாமே வண்டியை ஒதுக்கி, அலுவலகத்தைத் தேடிப்போய், படிவம் நிரப்பி, ஏழு நாளுக்கு மேல் என்றால் கட்டணமும் கட்டி, “நான் வந்திருக்கிறேன்” என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திஹுவானாவை அவர் வேகமாகக் கடந்தார். அந்த ஊருக்கென்று ஒரு பெருமை உண்டு: சீசர் சாலட் இத்தாலியில் பிறந்ததல்ல, 1924-இல் இங்கே சீசர் கார்தினி என்பவரின் உணவகத்தில் பிறந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். குடிக்க எல்லை தாண்டி வந்தவர்களுக்குக் கடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்திருக்கிறது.

அங்கிருந்து என்செனாடாவரை கடலை ஒட்டிய சுங்கச்சாலை. மூன்று இடத்தில் காசு வாங்குகிறார்கள், காசுக்கேற்ற காட்சியும் உண்டு. ‘டைட்டானிக்’ படத்துக்காக ரொசாரித்தோவுக்குப் பக்கத்தில் கட்டிய படப்பிடிப்புத் தளம் வழியில்தான். 2013 டிசம்பரில் இந்தச் சாலையின் ஒரு துண்டு அப்படியே சரிந்து கடல் பக்கம் இறங்கியது. திரும்பக் கட்டித் திறக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த வளைவுகளில் கடிதக்காரர் மலை ஓரமாகவே ஓட்டினார்.

என்செனாடாவின் மீன் டாக்கோ கடையில்தான் முதல் அதிர்ச்சி. விலைப்பட்டியலில் டாலர் குறி போட்டு 45 என்று எழுதியிருந்தது. ஒரு துண்டு மீனுக்கு 45 டாலரா? மெக்சிகோ பேசோவுக்கும் அதே குறிதான். உண்மையில் குறி அவர்களுடையது, அமெரிக்கா பின்னால் எடுத்துக்கொண்டது. ஒரு பேசோவுக்கு நாலைந்து ரூபாய் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்து ஆறுதல் அடைந்தபின் மேலும் இரண்டு வாங்கினார். மாவில் தோய்த்துப் பொரித்த மீன், முட்டைக்கோஸ், எலுமிச்சை, பக்கத்தில் ஐந்தாறு கிண்ணத்தில் சட்னிகள். மிளகாயை உலகத்துக்குக் கொடுத்த நாடு இது. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய சாமான் நம்மிடம் வந்து ஐந்நூறு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் கடைக்காரர் சிவப்புக் கிண்ணத்தைக் காட்டி, “காரம், ஜாக்கிரதை” என்று கைசாடையில் எச்சரித்தபோது தூத்துக்குடி ரத்தம் கொதித்தது. கடிதக்காரர் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார். அதன் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

என்செனாடாவுக்குத் தெற்கே சுங்கச்சாலை கிடையாது. ஒரு தடம் போக, ஒரு தடம் வர. பழைய பகுதிகளில் இரண்டும் சேர்ந்து ஆறு மீட்டர் சொச்சம்தான் அகலம். வெள்ளைக் கோடு முடிந்த இடத்தில் தார் முடிந்துவிடுகிறது, தார் முடிந்த இடத்தில் பள்ளம். எதிரே பதினெட்டுச் சக்கர லாரி வந்தால் இரண்டு வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டு போகின்றன. முன்னால் போகிற லாரிக்காரர் இடது விளக்கைப் போட்டால், ‘எதிரே யாரும் இல்லை, என்னை முந்திக்கொண்டு போ’ என்று பொருள். அல்லது, ‘நான் இடது பக்கம் திரும்பப் போகிறேன்’ என்று பொருள். இரண்டில் எது என்பதை ஓட்டுநர் உள்ளுணர்வால் அறிய வேண்டும். அமெரிக்காவில் இத்தனை வருடம் தடம் மாறாமல் ஓட்டிய சலிப்பில் மங்கிப்போயிருந்த திருச்செந்தூர் சாலைப் பயிற்சி மெல்லத் திரும்பி வந்தது.

ஊர் தொடங்கும் இடத்திலெல்லாம் வேகத்தடை. பல இடத்தில் அறிவிப்புப் பலகை தடையைத் தாண்டிய பிறகு நிற்கிறது. ஊர் இல்லாத இடத்தில் காட்டாறு சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வுகள். மழை பெய்தால் அங்கே தண்ணீர் ஓடும், பெய்யாவிட்டால் மாடு படுத்திருக்கும். வேலியில்லாத மேய்ச்சல் நாடு. சூரியன் போனதும் தார் சூடாக இருப்பதால் மாடுகள் அதையே படுக்கையாக்கிக்கொள்கின்றன. கறுப்பு மாடு, கறுப்புத் தார், விளக்கில்லாத வளைவு. மூன்று விரதங்களில் முதலாவதை ஏன் கடைப்பிடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சான் கின்டின் பள்ளத்தாக்கில் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே மைல் கணக்கில் விளைகின்றன. அமெரிக்கக் கடைகளில் அழகாக அடுக்கியிருப்பவை பல இங்கிருந்து போனவைதான். பறிப்பவர்கள் நாட்டின் தெற்கே உள்ள வஹாகா பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பூர்வகுடிகள். 2015-இல் இவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தி, இதே நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலை ஒன்றே ஒன்று என்பதால் தீபகற்பமே நின்றுபோனது.

அதற்கப்புறம் ராணுவச் சோதனைச் சாவடிகள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், பெட்டியைத் திறங்கள். மீசை முளைக்காத சிப்பாய்கள், மரியாதையான பேச்சு. சிக்கல் வேறு விதத்தில் வந்தது. வெள்ளைக்காரர்களிடம் சைகையில் பேசுபவர்கள், கடிதக்காரரின் மாநிறத்தையும் மீசையையும் பார்த்ததும் ஸ்பானிஷ் மொழியில் பொழிந்து தள்ளினார்கள். தெரியாது என்றால் நம்பவில்லை. ஏதோ நம் ஆள், அமெரிக்கா போய்ப் பணம் சேர்த்ததும் தாய்மொழியை மறந்துவிட்டான் என்ற வருத்தம் அந்த முகங்களில் தெரிந்தது. கடவுச்சீட்டைக் காட்டிய பிறகே மன்னித்தார்கள். தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் வரும்போது கடிதக்காரர் தம் மகனைப் பார்த்த பார்வையும் ஏறக்குறைய அதுதான்.

எல் ரொசாரியோ என்ற சிற்றூரில் கட்டாயம் நிற்க வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் 300 கிலோமீட்டருக்கும் அப்பால். பெட்ரோல் போடுவதற்கு ஒரு சடங்கு உண்டு. நம் ஊரைப்போல ஆள் வந்துதான் போடுவார். மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சைக் குழாய் சாதாரணம், சிவப்பு உயர்தரம். முடிந்ததும் சில்லறை. 1938-இல் அதிபர் லாசரோ கார்தெனாஸ் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியதில் பிறந்தது பெமெக்ஸ். ஏறத்தாழ எண்பது வருடம் மெக்சிகோவில் வேறு பெயரில் பங்க்கே கிடையாது. இப்போது தனியார் பெயர்கள் வந்துவிட்டன, ஆனால் பாலைவனத்துக்குள் அவையும் வரவில்லை. நடுவழியில் கட்டவீன்யா என்ற இடத்தில் சிலர் பீப்பாயில் பெட்ரோல் வைத்து, குழாயால் உறிஞ்சி ஊற்றி விற்கிறார்கள். விலையை அவர்கள் முகம் பார்த்துச் சொல்கிறார்கள். நிரப்பிய தொட்டியோடு கடந்துபோகும்போது கடிதக்காரர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பாலைவனம் வேறு கிரகம். வீடு உயரப் பாறைகளை யாரோ கொட்டிவிட்டு மறந்துபோன நிலம். அவற்றுக்கிடையே ‘சிரியோ’ என்ற மரம். கிளை இல்லை, இலை இருப்பதாகத் தெரியவில்லை, அடி பருத்து நுனி சிறுத்துப் பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்துக்கு, தலைகீழாக நட்ட முள்ளங்கி மாதிரி நிற்கிறது. கிட்டத்தட்ட இந்தத் தீபகற்பத்தில் மட்டுமே வளர்வது. கைப்பேசியில் சிக்னல் சுத்தமாக இல்லை. மனைவி, அம்மா, அலுவலகம் மூவரும் ஒரே நேரத்தில் மௌனமான நிலப்பரப்பு இந்த உலகத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது என்பதைக் கடிதக்காரர் குறித்துக்கொண்டார்.

வண்டி நின்றுபோனால்? அதற்கு அரசாங்கமே ‘பச்சைத் தேவதைகள்’ என்று பச்சை வண்டிகளை ஓடவிட்டிருக்கிறது. சுற்றுலாத்துறையின் பழுதுபார்ப்பாளர்கள். 078 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருவார்கள். வேலைக்குக் கூலி இல்லை, மாற்றிய உதிரிபாகத்துக்கும் ஊற்றிய பெட்ரோலுக்கும் மட்டும் காசு. அழைக்க சிக்னல் வேண்டுமே என்று கேட்கக்கூடாது. அவர்களே ரோந்து வருவார்கள். இந்தச் சாலை முழுவதும் தார் கண்டதே 1973-இல்தான். அதற்கு முன் மண்தடம். வேண்டுமென்றே அந்த மண்தடத்தில் யார் முதலில் போய்ச் சேருவது என்று 1967-இல் ஒரு பந்தயம் தொடங்கினார்கள். அது இன்றும் ‘பாஹா 1000’ என்று நடக்கிறது. சும்மா போகவே கஷ்டமான பாதையில் பந்தயம் வைப்பது அமெரிக்கர்களுக்கே உரிய வியாதி.

28-ஆவது அட்சக்கோட்டில் பிரம்மாண்டமான கொடி. மாநில எல்லை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். இதிலும் ஒரு கூத்து. 2022-இல் மெக்சிகோ கோடைகால நேரமாற்றத்தைக் கைவிட்டது. ஆனால் தீபகற்பத்தின் வடபாதி இன்னும் அமெரிக்காவோடு சேர்ந்து மாற்றிக்கொள்கிறது. ஆகவே குளிர்காலத்தில் கோட்டின் இருபுறமும் ஒரு மணி வித்தியாசம், கோடையில் வித்தியாசமே இல்லை. கோட்டைத் தாண்டியதும் பூச்சித் தடுப்புச் சாவடி. காரின் அடிவயிற்றில் மருந்து தெளித்து, அதற்குச் சிறு கட்டணமும் வாங்கிக்கொண்டு, பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களையும் எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கிக்கு நாட்டின் எல்லையில் பலகை மட்டும்தான், ஆரஞ்சுக்கு மாநில எல்லையில் ஆளே நிற்கிறார்.

பிறகு கெரெரோ நெக்ரோ.

ஊருக்குள் பார்க்க எதுவும் இல்லை. புழுதி, காற்று, கம்பெனிக் குடியிருப்பு. 1954-இல் டேனியல் லுட்விக் என்ற அமெரிக்கக் கப்பல் முதலாளி தொடங்கிய அளம். பின்னாளில் மெக்சிகோ அரசு 51 பங்கும் ஜப்பானின் மிட்சுபிஷி 49 பங்குமாகப் பல்லாண்டு காலம் நடத்தின. ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் டன் உப்பு. வழிகாட்டியின் வேனில் உள்ளே போன கடிதக்காரருக்கு முதலில் அடிவானம் வரை வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. வரப்பு எங்கே? பாத்தி எங்கே? ஒரு பாத்தி முடிவதற்குள் வேன் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. நம் ஊர் அளத்தில் கருக்கலில் இறங்கி, வெயில் ஏறும் முன் வாருபலகையால் வாரி, வரப்பில் குவித்து, தலைச்சுமையாக அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அந்த வேலை செய்த பெண்களின் பாதங்கள் எப்படி இருக்கும் என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும். இங்கே பாத்திக்குள் மனிதப் பாதமே இல்லை. இயந்திரம் சுரண்டுகிறது, பெட்டி பெட்டியாகக் கோத்த ராட்சத லாரிகள் அள்ளிக்கொண்டு ஓடுகின்றன, பெரிய தட்டையான படகுகள் செத்ரோஸ் தீவுக்குக் கொண்டுபோகின்றன, அங்கே நிற்கும் கப்பல்கள் ஜப்பானுக்கு ஏற்றிப் போகின்றன. பெரும்பகுதி சாப்பாட்டுக்கு இல்லை, குளோரின், காஸ்டிக் சோடா செய்யும் ஆலைகளுக்கு.

ஒன்று மட்டும் மாறவில்லை. வழிகாட்டி அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக்குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, “இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு விழும்” என்றார். அப்பா சொன்ன அதே எண். கடிதக்காரர் நம் ஊரில் ஐப்பசி பிறந்தால் மழை வந்து வேலை நின்றுவிடும் என்று சொன்னதற்கு, “மழையா?” என்று கேட்டுவிட்டு வழிகாட்டி சிரித்தார். இங்கே வருடம் முழுக்க விளைச்சல். போகும்போது ஒரு கை கல்லுப்பை அள்ளி, கையில் இருந்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். இந்தப் பையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

உப்புக்குத் தண்ணீர் இறைக்கும் அதே உப்பங்கழியில்தான் சாம்பல் திமிங்கிலங்கள் குட்டி போடுகின்றன. ஆர்க்டிக் கடலிலிருந்து கரையோரமாகவே எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, குளிர்காலத்தில் இங்கே வந்து சேர்கின்றன. 1857-இல் சார்லஸ் ஸ்காமன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் இந்தக் கழிக்குள் நுழையும் வழியைக் கண்டுபிடித்தார். பின்னாலேயே மற்றக் கப்பல்களும் வந்தன. வாய்க்கால் அளவு இடத்தில் தாயும் குட்டியும். சில குளிர்காலங்களுக்குள் கழி காலியாகிவிட்டது. குட்டியைக் காக்கத் தாய்கள் படகுகளை உடைத்ததால் ‘பிசாசு மீன்’ என்று பெயர் வைத்தார்கள். யார் பிசாசு என்பது எழுதுகிற கையைப் பொறுத்தது. வேட்டை நின்றபின் மெல்லப் பெருகி, 1994-இல் அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்தே நீக்கும் அளவுக்கு வந்தன. 2016 வாக்கில் இருபத்தாறாயிரத்துக்கும் மேல். 2019-இலிருந்து மறுபடி சரிவு, எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. வடக்கே இரை குறைந்துபோனதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

திமிங்கிலம் பார்க்க ஏறிய வள்ளத்தின் நீளம் ஏழு மீட்டர். பக்கத்தில் வந்த தாயின் நீளம் பதின்மூன்று. கடிதக்காரர் கணக்குப் பார்க்கும் பரம்பரை என்பதால் இந்தக் கழித்தல் சட்டென்று மனதில் ஓடியது. குட்டி வள்ளத்தின் விளிம்பில் மூக்கை வைத்தது. படகில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய, படகோட்டி ஸ்பானிஷ் மொழியில் கத்தினார். இம்முறை அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. இந்தப் பழக்கம் 1972-இல் தெற்கே சான் இக்னாசியோ கழியில் தொடங்கியது. பாச்சிகோ மயோரல் என்ற மீனவர் அதுவரை திமிங்கிலத்துக்குப் பயந்து மரப்பலகையைத் தட்டிக்கொண்டே படகோட்டும் கூட்டத்தில் ஒருவர். அன்று ஒன்று வந்து படகை விட்டு நகரவே இல்லை. வேறு வழியில்லாமல் கையை நீட்டித் தொட்டார். இன்று அந்தத் தொடுதலில் ஒரு கரையே பிழைக்கிறது.

1990-களில் இதே உப்புக் கம்பெனி அந்த சான் இக்னாசியோ கழியில் இன்னொரு பெரிய அளம் போடத் திட்டமிட்டது. உலகெங்கும் எதிர்ப்பு. 2000 மார்ச்சில் அதிபர் எர்னெஸ்தோ செதியோ திட்டத்தைக் கைவிட்டார். அளத்துக் கூலியில் படித்து வளர்ந்தவர் இதில் யார் பக்கம் நிற்பது? கடிதக்காரர் கொஞ்சம் யோசித்து, திமிங்கிலம் பக்கம் நின்றுகொண்டார். உப்பை வேறு கடலிலும் எடுக்கலாம். வேலை கிடைக்கும் என்று காத்திருந்த ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அதன்பின் சாலை கிழக்கே திரும்பி அடுத்த கடலுக்குப் போகிறது. ‘நரகச் சரிவு’ என்று பெயர் வைத்த இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கினால் சாந்தா ரொசாலியா. 1885-இல் செம்பு தோண்ட வந்த பிரெஞ்சுக் கம்பெனி கட்டிய மரவீட்டு ஊர். அங்கே இரும்புத் தகட்டில் ஒரு தேவாலயம், ஈஃபில் கோபுரக்காரர் வடிவமைத்தது என்கிறார்கள், இல்லை என்றும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ரொட்டி நன்றாக இருந்ததால் கடிதக்காரர் சண்டையில் தலையிடவில்லை. அடுத்த ஊர் முலேஹேயில் 1907-இல் கட்டிய சிறைச்சாலை. கைதிகளைப் பகலில் ஊருக்குள் வேலைக்கு அனுப்பிவிட்டு, மாலையில் சங்கு ஊதித் திரும்பக் கூப்பிடுவார்களாம். வந்துவிடுவார்களாம். பின்னே, ஒருபக்கம் கடல், மறுபக்கம் பாலைவனம். எங்கே போவது?

லா பாஸ் நகரம் முத்துக்குப் பேர்போனது. தூத்துக்குடிக்காரருக்கு இது இரண்டாவது அதிர்ச்சி. உப்பும் முத்தும் ஒரே சாலையில். 1535-இல் எர்னான் கொர்த்தேஸ் இங்கே வந்து இறங்கியதே முத்து ஆசையில்தான். நம் கரையில் சவேரியார் வந்து இறங்குவதற்கு ஏழு வருடம் முந்தி. நானூறு வருடம் மூழ்கி மூழ்கி எடுத்ததில் 1930-களின் இறுதியில் சிப்பிப் படுகைகள் வெறுமையாயின. ஜான் ஸ்டைன்பெக் 1940-இல் படகில் இங்கே வந்தபோது கேட்ட ஒரு முத்துக் கதையைத்தான் 1947-இல் ‘தி பேர்ல்’ நாவலாக வெளியிட்டார். மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இரண்டு ஊர்களும் இன்று வரை முத்து நகரம் என்றே சொல்லிக்கொள்கின்றன. கடற்கரைச் சாலையில் ஒரு கடைக்காரர் அசல் லா பாஸ் முத்து என்று காட்டியதை, முத்து நகரத்தில் பிறந்தவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உருட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் கொடுத்தார். முத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. விலை தெரிந்தது.

லா பாஸிலிருந்து கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு மசாட்லான் போய், மெக்சிகோவின் பெருநிலத்தில் தொடரலாம். ஆசை இருந்தது. தீபகற்பத்துக்குள் அமெரிக்கக் காருக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. கடல் கடந்தால் வேண்டும். அதை வழங்குவது ராணுவத்துக்கென்று இருக்கும் வங்கி. 2007-ஆம் வருடத்து அல்லது அதற்குப் பிந்தைய கார் என்றால் 400 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், அனுமதிக் காலத்துக்குள் காரை வெளியே கொண்டுபோய் ஆவணத்தைத் திரும்பக் கொடுத்தால் பணம் கிடைக்கும். காரை விற்றுவிட்டு ஓடிவிடக்கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. இந்த யோசனையை மனைவியிடம் தொலைபேசியில் சொன்னபோது, அந்தப்பக்கம் மூன்று நொடி அமைதி. கார் வடக்கு நோக்கித் திரும்பியது.

வடக்கே போவது தெற்கே வந்ததைப் போன்றதல்ல. உள்ளே போக ஒரு பச்சை விளக்கு போதுமாக இருந்த எல்லையில், வெளியே வர மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மேற்கு அரைக்கோளத்திலேயே நெரிசல் மிகுந்த தரைவழி எல்லை இது. முன்கூட்டியே விசாரிக்கப்பட்டவர்களுக்கு ஒரு தடம், மின்னணு அட்டைக்காரர்களுக்கு ஒரு தடம், மற்றவர்களுக்கு ஒரு தடம். கடிதக்காரர் இரண்டாம் சாதி. நிற்கும் கார்களுக்கு நடுவே ஒரு சந்தையே ஓடுகிறது. சர்க்கரை தூவிய சுரோஸ், கம்பளி, சாந்துப் பொம்மை, சிலுவை, மாம்பழத்துண்டில் மிளகாய்த்தூள், புளிமிட்டாய். புளியும் அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்ததுதான். தெரிந்த ருசிக்கு டாலரில் விலை.

பல சாவடிகளில் மெக்சிகோ சிப்பாய்கள் அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்ததும் “கெரெரோ நெக்ரோ!” என்று சிரித்து அனுப்பியிருந்தார்கள். அமெரிக்கச் சாவடியில் இருந்தவர் சிரிக்கும் ரகமில்லை.

“மெக்சிகோவில் என்ன செய்தீர்கள்?”

“உப்பளம் பார்த்தேன்.”

“தனியாகவா?”

“ஆமாம்.”

“எதையாவது கொண்டு வருகிறீர்களா?”

பெயர்ச்சீட்டு இல்லாத பையில், வெள்ளைப் படிகம், மெக்சிகோவிலிருந்து, தனியாக வரும் ஆண். கடிதக்காரர் உண்மையைச் சொன்னார். கார் ஓரமாக அனுப்பப்பட்டது. நாய் ஒன்று வந்து காரைச் சுற்றியது, பையை முகர்ந்தது, தும்மியது, இன்னொரு காரைப் பார்க்கப் போய்விட்டது. இரண்டு அதிகாரிகள் பையைத் தூக்கிப் பார்த்து ஆலோசித்தார்கள். ஏதோ ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் இளையவர் வந்து பையை நீட்டி, “உப்புதான்” என்றார், கடிதக்காரருக்கு அது புதுச் செய்தி என்ற பாவனையில்.

அந்த உப்பில் பாதி, பங்குனியில் தூத்துக்குடி வரும் நண்பர் ஒருவரின் பெட்டியில் வருகிறது. அம்மா அதை மீன் குழம்பில் போட்டுப் பார்த்துவிட்டு நம் ஊர் உப்புக்கு ஈடாகுமா என்று எழுதட்டும். சென்னை விமான நிலையத்தில் அந்தப் பொட்டலத்தைப் பற்றி என்ன பதில் சொல்வது என்பது நண்பர் பாடு.